பட்டியலில் எழுதாத ஒரு பிடி கடலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில், திறந்து கிடந்த மரப்பெட்டியின் முன்னால், பேச வேண்டிய நேரத்தில் நான் பேசாமல் நின்றேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. எழுபதை நெருங்கும் வயதில் செய்த அந்தக் காரியத்தை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. சம்பந்தப்பட்டவளிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க அத்தான். ஆனா என்னையக் கருப்பு, குண்டுன்னு எழுதீராதீங்க" என்றாள். எழுதவில்லை.

அவள் என் மனைவியின் தங்கை. எனக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்கு ஏழு வயது. என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள். கணவர் இறந்த பிறகு கோவில்பட்டியில் தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கடலை மிட்டாய் தொழில் தொடங்கினாள். எட்டுப் பெண்கள் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலம் எழுத வரும் என்பதால் அவளுடைய வங்கி, வரி, உரிமம் சம்பந்தமான காகித வேலைகள் எல்லாம் என் பொறுப்பு.

மிட்டாய் போடுவதில் அவளுக்கு எந்தத் தடங்கலும் இல்லை. பாக்கெட் போடுவதில்தான் சிக்கல். துண்டு துண்டாக வெட்டிய மிட்டாயை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் வைத்து ஒட்டுவதற்குள் பெண்களின் இடுப்பு ஒடிந்துவிடும். அந்த வருடம் சென்னையில் ஒரு இனிப்புக் கடைக்காரர், தனித்தனியாக உறையிட்டுத் தந்தால் தீபாவளிக்குப் பெரிய ஆர்டர் தருவதாகச் சொன்னார். உறை போடும் மெஷின் ஒன்று வாங்கினால் ஒழிய முடியாது. நம் நாட்டு மெஷினின் விலை எங்களுக்கு எட்டவில்லை. சீனாவில் ஒரு சிறிய தொழிற்சாலையின் மெஷின் எட்டுகிற விலையில் இருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். பின்னால் அதற்கு இடம் இருக்காது.

அந்த மெஷினை வாங்க நான் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதை சாதாரணமானதல்ல. விற்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று வீடியோவில் தொழிற்சாலை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னேன். எங்கள் கடலை மிட்டாய் நான்கு பெட்டி அனுப்பி, அதை அந்த மெஷினில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். முன்பணம் பாதிக்கும் குறைவாகத்தான், மீதி மெஷின் ஓடுவதைப் பார்த்த பிறகு. கொழுந்தியாள் பெயரில் இறக்குமதி எண் வாங்கினேன். நடுவில் ஒருநாள், வங்கிக் கணக்கு மாறிவிட்டது, மீதிப் பணத்தைப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதே பெயர், அதே கையெழுத்து. முகவரியில் ஒரே ஓர் எழுத்து கூடுதல். நான் பணத்தை அனுப்பாமல் வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டேன். அவர்கள் பதறிப்போனார்கள். அவர்கள் அனுப்பியதே இல்லை. யாரோ நடுவில் புகுந்து ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். அன்று கொழுந்தியாள் என் மனைவியைக் கூப்பிட்டு, "ஏக்கா, அத்தான் இல்லன்னா நான் தெருவுல நின்னுருப்பேன்" என்று அழுதாள்.

தூத்துக்குடியில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட்டைப் பிடித்தோம். துறைமுகத்தில் சரக்கை வெளியே எடுத்துத் தருகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல மனிதர். முதல் நாளே தலையைச் சொறிந்துகொண்டு, "சார், பில்லுல வெலையக் கொஞ்சம் கொறச்சுப் போடச் சொல்லலாம். வரி மிச்சம். நெறைய பேரு அப்படித்தான் செய்யுதாவ" என்றார். நான் அவருக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். கொடுத்த விலை எதுவோ அதுதான் பில்லில் இருக்கும், பெட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் பட்டியலில் இருக்கும் என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். பாவம், அவர் டீ வாங்கிக் கொடுத்து என்னைச் சமாதானப்படுத்தினார். மரப்பெட்டியில் பூச்சி இல்லாமல் சூடேற்றியதற்கான முத்திரை இருக்க வேண்டும் என்பதைக்கூட நானே தெரிந்துவைத்திருந்தேன். "சார் எனக்கே பாடம் நடத்துதாவ" என்று கொழுந்தியாளிடம் சொல்லிச் சிரித்தாராம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தத் தொழிற்சாலையில் எங்களோடு பேசியவள் முதலாளியின் மகள். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். என்னை அங்கிள் என்று கூப்பிடுவாள். மெஷின் விவகாரம் பேசி முடித்த பிறகும் நாங்கள் எழுதிக்கொள்வோம். எங்கள் மிட்டாயை ஓட்டிக் காட்டிய அன்று அவளுடைய அப்பா ஒரு துண்டைத் தின்றுவிட்டு, இது எங்கள் ஊர் கடலைபோல இனிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் கடலை விளையும் ஊர்க்காரர்கள்தான். தொழிற்சாலைக்குப் பின்னால் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஒருநாள் அவள் ஒரு படம் அனுப்பினாள். அப்பாவின் உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு நிலக்கடலைப் பருப்பு. தோல் கன்னங்கரேல் என்று இருந்தது, கத்தரிக்காயைப் போல மினுமினுத்தது.

எனக்குத் தூக்கம் போயிற்று. எட்டயபுரம் சாலையில் எனக்கு இரண்டு ஏக்கர் கரிசல் இருக்கிறது. அந்தக் கருப்புக் கடலை நம் மண்ணில் வருமா என்று பார்க்க வேண்டும். வந்தால் கொழுந்தியாளுக்கு இந்தச் சீமையில் யாரிடமும் இல்லாத கருப்புக் கடலை மிட்டாய். அவளுக்குத் தெரியாமல் வளர்த்து, பறித்து, ஒரு மூட்டையாக அவள் முன்னால் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆசைதான், வேறென்ன.

"மெஷினின் கருவிப் பெட்டிக்குள் ஒரு பிடி வைத்து அனுப்ப முடியுமா?" என்று எழுதினேன்.

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. அனுமதி உண்டா, பட்டியலில் எழுதட்டுமா என்று கேட்டாள். நான் எழுதிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை. "ஒரு பிடி கடலைக்கு எதற்கு அதெல்லாம். பட்டியலில் எழுத வேண்டாம்."

வெளிநாட்டு விதை எப்படி வர வேண்டும், அதற்கு என்ன அனுமதி, என்ன சான்றிதழ், எத்தனை நாள் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். இறக்குமதிக் கோதுமையோடு பார்த்தீனியக் களை வந்த கதையைக் கரும்பலகையில் எழுதி எழுதிச் சொல்லிக்கொடுத்தவன் நான். விதைக்குள் நோய் ஒளிந்து வரும் என்று பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டவன். தெரிந்தே செய்தேன்.

கப்பல் வந்து சேர்ந்தது. தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள் என்று ஏஜென்ட் சொன்னதும் கொழுந்தியாள் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கஸ்டம்ஸ்காரர்களுக்குக் கொடுக்க மிட்டாய் வேறு எடுத்துவைத்தாள். அதெல்லாம் கூடாது என்று நான்தான் தடுத்தேன்! பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கொடுத்தேன். வழியெல்லாம் விதைப்புக்கு உழுது போட்ட நிலம்.

கிடங்கில் ஆணியைப் பிடுங்கிப் பலகையைக் கழற்றினார்கள். அதிகாரி ஐம்பது வயதுக்காரர், மென்மையாகப் பேசுகிறவர். மெஷினின் எண்ணைச் சரிபார்த்தார், மரத்தில் முத்திரையைப் பார்த்தார், உதிரிப் பாகங்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியாகக் கருவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திருப்புளிகளுக்கு அடியில் சிவப்புத் துணிப்பை ஒன்று இருந்தது. வாய் அழகாகத் தைக்கப்பட்டிருந்தது. நான் கேட்டது ஒரு பிடி. அந்த மனிதர் அரைக் கிலோவுக்கு மேல் வைத்திருந்தார்.

அதிகாரி தையலைப் பிரித்து ஒரு பருப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது விதைக் கடலையாச்சே. பட்டியல்ல இல்லையே. யார் கேட்டு வந்தது?"

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தேன். அதற்குள் கொழுந்தியாள் முன்னால் வந்துவிட்டாள்.

"யாரும் கேக்கலை சார். அந்தப் பிள்ள பிரியத்துல வச்சிருக்கும். எங்க அத்தானைக் கேளுங்க, பாத்துப் பாத்து எழுதுன பேப்பரு. ஒரு தப்பு வராது."

அதிகாரி மறுபடி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் முறைப்படி நடந்தது. யாரும் எங்களை மிரட்டவில்லை. பட்டியலில் இல்லாத ஒன்று இருந்ததால் மெஷினையும் முழுவதும் பிரித்துப் பார்க்க வேண்டும், பயிர்ப் பாதுகாப்புக்காரர்கள் வந்து பார்க்க வேண்டும், அதுவரை பெட்டி அங்கேயே இருக்கும் என்றார்கள். சரக்கு யார் பெயரில் வந்ததோ அவர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் அவளுடைய இறக்குமதி எண்ணை நிறுத்திவைக்கவும் முடியும் என்று ஏஜென்ட் மெதுவாகச் சொன்னார்.

விளக்கத்தை நான்தான் எழுதினேன். ஆங்கிலத்தில், நல்ல ஆங்கிலத்தில். எங்களுக்குத் தெரியாமல், நாங்கள் கேட்காமல், விற்றவர்கள் தாங்களாகவே வைத்த பொருள் என்று. கொழுந்தியாள் என் பேனாவை வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல், தமிழில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மை. பொய் என்று தெரிந்த நான் பக்கத்தில் நின்று தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விற்றவர்களிடமிருந்தும் ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். உங்கள் தவறு என்று ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்கவே எனக்குக் கை கூசியது. ஆனாலும் கேட்டேன். அவள் நினைத்திருந்தால் நான் எழுதியதைப் படமெடுத்து அதிகாரிக்கே அனுப்பியிருக்கலாம். மறுநாள் கடிதம் வந்தது. முத்திரையோடு, அப்பாவின் கையெழுத்தோடு. எங்கள் பணியாளர் கவனக்குறைவாக வைத்துவிட்டார், வாங்கியவர்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று. கீழே எனக்குத் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தாள். "அங்கிள், அப்பா ஒவ்வொரு பருப்பாகப் பொறுக்கி எடுத்தார். அவரால் உங்கள் தங்கைக்குக் கஷ்டம் வந்துவிட்டதே என்று சாப்பிடாமல் இருக்கிறார்."

அந்த மனிதர் சாப்பிடாமல் இருந்தார். நான் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் அதைப் படித்தேன்.

ஏஜென்ட் சந்தோஷமாகப் போன் செய்தார். "சார், லெட்டரு பிரமாதமா இருக்கு. இனி ஒண்ணுமில்ல. பத்து நாள்ல மெஷின் வந்துரும்." நான் சரி என்றேன். அதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி கேட்டாள், "என்ன, உள்ள எறங்க மாட்டேங்குதோ? மெஷின்தான் வரப்போவுதே?" அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். திரும்பி வந்து சொன்னாள். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? கையெழுத்துப் போட்டவ அவல்லா. அவகிட்டப் போயிச் சொல்லுங்க."

"நீயும் வா."

"நான் எதுக்கு? கடலைய நானா கேட்டேன்?"

மறுநாள் போனேன். எப்போது போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுப்பில் பாகு முறுகி, கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் இறக்குகிற நேரம். பாகு இறங்கிவிட்டால் ஒரு கணம்கூட நிற்க முடியாது. சூடு ஆறுவதற்குள் உருளையால் தேய்த்துப் பரப்பி, கத்தி போட்டு முடித்தாக வேண்டும். இல்லையென்றால் கல்லாகிவிடும். அவளால் அந்த நேரத்தில் என் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. அது தெரிந்துதான் போனேன். மற்றப் பெண்கள் மறுபக்கம் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கடலைய நான்தான் கேட்டு வாங்குனேன். பட்டியல்ல எழுத வேண்டாம்னும் நான்தான் சொன்னேன்" என்றேன்.

உருளை நிற்கவில்லை. முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தது. பிறகு கத்தியை எடுத்து நீள வாக்கில் ஒன்பது கோடு, குறுக்கில் எண்ணாமல். ஒரு கோடும் கோணவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"கேட்டது பரவால்ல அத்தான். ஒரு பிடி கடலை, யாருக்குத்தான் ஆசை வராது. நின்னுக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அதுதான். அந்த ஆபீசர்கிட்ட எம்புட்டு உறுதியாச் சொன்னேன், எங்க அத்தான் பாத்து எழுதுன பேப்பருன்னு. அப்பமாவது என் கையப் புடிச்சு இழுத்திருக்கலாம்லா?"

மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன், வரவில்லை.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, நாளைக்கு வருகிறோம் என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவர் பேசியது எனக்கும் கேட்டது. பதறிவிட்டார். "யக்கா, வேண்டாம். லெட்டரு வந்து எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்பப் போயி உண்மையச் சொன்னா மொதல்லேருந்து ஆரம்பிக்கும். நீங்க எழுதிக் குடுத்ததே பொய்னு ஆயிரும். தீபாவளிக்கு மெஷின் வராது. நல்லா யோசிங்க."

அவள் யோசிக்கத்தான் செய்தாள். கொட்டகையில் அந்த எட்டுப் பெண்களையும் பார்த்தாள். சென்னை ஆர்டரை நம்பி அவர்களுக்குத் தீபாவளிக்குக் கூடுதலாகத் தருவதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அந்த நேரத்தில் ஒரு கேவலமான ஆசை இருந்தது. அந்தக் கடிதம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் சொல்லிவிடுவாள் என்ற ஆசை. ஏஜென்ட் வேறு இன்னும் பேசிக்கொண்டே இருந்தார்.

"இல்லண்ணே," என்றாள். "அந்தப் பிள்ளையும் அவிய அப்பாவும் செய்யாத தப்ப செஞ்சதா எழுதிக் குடுத்திருக்காவ. அவிய பேரு அங்கன கெட்டுக் கெடக்க, நான் இங்கன மெஷினு ஓட்டணுமாக்கும்? காலையில வாரோம்."

மறுநாள் காலை பஸ் ஏறினோம். எட்டயபுரம் தாண்டியதும் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, தான் குடிப்பதற்கு முன் என்னிடம் நீட்டினாள். வழக்கமாகச் செய்வதுதான். அன்றைக்கும் வாங்கிக் குடித்தேன்.

அதே அதிகாரி. நான் தமிழில், என் கையால், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன். போனில் நான் அனுப்பிய செய்தியையும் காட்டினேன். முதல் விளக்கத்தில் கையெழுத்துப் போட்டவளுக்கு உண்மை தெரியாது, எழுதியவன் நான் என்றும் சேர்த்தேன். அவர் இரண்டு முறை படித்தார். "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் காகிதத்தைப் பக்கத்தில் இருந்த பயிர்ப் பாதுகாப்பு அதிகாரியிடம் நீட்டினார். அது ஓர் இளம்பெண். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான்.

"சார், உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல," என்றாள். "உங்க பக்கத்துல எத்தனை பேரு கடலை போடுதாங்க? மழையை நம்பி வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை. இதுல ஒரு வைரஸ் இருந்து, உங்க நெலத்துலேருந்து அடுத்த நெலத்துக்குப் போயிருந்தா?"

குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே பதில் எதிர்பார்ப்பவளைப்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பக்கமும் மற்றவர்களின் நிலம் இருக்கிற என் இரண்டு ஏக்கர் கண் முன்னால் வந்தது. "தெரியும்மா" என்று மட்டும் சொன்னேன். தெரியும் என்பதுதான் என் குற்றமே.

விதை எரிக்கப்பட்டது. எரித்ததற்குச் சாட்சியாக என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அபராதம் விதித்தார்கள், அதை நான் கட்டினேன். எச்சரிக்கையோடு அவளுடைய இறக்குமதி எண்ணை விட்டுவிட்டார்கள். தானாக வந்து சொன்னதால் இத்தோடு போகிறது என்றார் அந்த அதிகாரி, என்னைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. ஏஜென்ட் சொன்னபடியேதான் ஆயிற்று. மெஷின் வெளியே வர நாட்கள் ஆயின. தீபாவளி கடந்துவிட்டது.

சென்னைக்காரரிடம் அவள் உள்ளதைச் சொல்லிப் பாதி ஆர்டரை மட்டும் வைத்துக்கொண்டாள். மீதி வேறு யாருக்கோ போயிற்று. அந்தப் பாதியைக் கையாலேயே உறையிட்டு அனுப்பியாக வேண்டும். நான் தினமும் காலை எட்டு மணிக்குப் போய் அந்தப் பெண்களோடு கீழே உட்கார்ந்துவிடுவேன். எனக்கு முழங்கால் மடங்காது என்பதால் ஒரு கவிழ்த்த டின்னைப் போட்டுக் கொடுத்தார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொழுந்தியாள் மறைக்கவில்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. முதல் நாள் ஒருத்தி என் உறைகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார்வாள், இது மிட்டாய்க்குப் போட்ட உறையா, இல்ல காயத்துக்குப் போட்ட கட்டா?" என்று கேட்டாள். கொட்டகையே சிரித்தது. அத்தனை நாளுக்குப் பிறகு கொழுந்தியாள் சிரித்ததும் அப்போதுதான். "ஏட்டி, சும்மா இரு. அவிய சீனாவுலேருந்து வந்த மெஷினு. கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்" என்றாள். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை பிசுபிசுவென்று ஒட்டியது.

அந்தப் பெண்களுக்குச் சொன்ன கூடுதல் பணத்தை அவள் குறைக்காமல் கொடுத்தாள். நான் தருகிறேன் என்றதற்கு, "நீங்க உங்க கூலிய வாங்கிக்கிட்டுப் போங்க" என்று எனக்கும் ஒரு கவர் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மறுத்தால் இன்னும் கோபப்படுவாள் என்று தெரியும்.

சீனத்துப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். உங்கள்மீது எந்தத் தவறும் பதிவாகவில்லை, சொல்லியாகிவிட்டது, அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்று. விதையை எரித்துவிட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு எழுதினாள். "அப்பா வருத்தப்பட்டார். பிறகு, எரித்ததுதான் சரி, அவர்களுடைய நிலத்துக்கு நல்லது என்றார். இனிமேல் ஒரு திருகாணியைக்கூடப் பட்டியலில் எழுதாமல் வைக்க மாட்டாராம், அங்கிள் கெஞ்சினாலும்."

மெஷின் கார்த்திகையில் வந்தது. இன்றும் நன்றாக ஓடுகிறது. போன வருடம் அதற்குச் சூடாக்கும் பாகம் ஒன்று அங்கிருந்தே வரவழைக்க வேண்டியிருந்தது. கொழுந்தியாள் வேறு யாரையும் தேடாமல் என்னிடமே வந்து, "எழுதுங்க அத்தான்" என்றாள். காகிதங்களை நான் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் பாதியில், "எனக்கு அடுப்புல வேலை கெடக்கு, எங்கன போடணும்னு சொல்லுங்க" என்று பேனாவை எடுத்துவிட்டாள். நான் விடவில்லை. கடைசி வரிவரை கேட்ட பிறகுதான் காகிதத்தைக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

என்மேல் பிரியம் வைத்திருப்பவர்கள் நான் சொல்வதைச் சரிபார்க்க மாட்டார்கள் என்பதால், சரிபார்க்கும் வேலை என்னுடையது என்று எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.